பிள்ளைக்குச் சொல்லாமல்

என் மகள் சைப்ரஸுக்குப் புறப்பட்ட சனிக்கிழமை காலையில் என் பேத்தியைக் கணக்கு வகுப்புக்கு அனுப்பிவைத்தது நான்தான். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் வகுப்பில் இருக்கும்போது விமான நிலையத்துக்குப் போகும் வேன் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்ததும் நான்தான். பெட்டிகள் இரண்டையும் முதல் நாளே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தோம். வீசா இன்னும் வரவில்லை, அடுத்த மாதமும் ஆகலாம் என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தோம்.

அன்றைக்கு மகள் அவளுக்குத் தலை பின்னிவிட வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். "ஏம்மா இவ்வளவு இறுக்குறீங்க, வலிக்குது" என்றாள் பேத்தி. மகள் சீப்பை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். நான் வாசலில் நின்றுகொண்டு, "நேரமாச்சு, வா, வா" என்று அவசரப்படுத்தினேன். நேரம் ஆகியிருக்கவில்லை.

மத்தியானம் அவள் திரும்பி வந்து, "அம்மா எங்க?" என்றாள்.

"கடைக்குப் போயிருக்கா."

இதையும் சொன்னது நான்தான். மருமகன் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கோல் எடுத்து, உள்ளே போய்விட்டாள் என்று சொல்லும்வரை அந்தப் பொய்யை நீட்டினேன். சாயந்தரம்தான் உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உடுப்பு மாற்றப் போய்விட்டாள். எனக்கு எவ்வளவு நிம்மதி! சொந்தக்காரர்களுக்கெல்லாம் கோல் எடுத்துச் சொன்னேன்: "புள்ள அழவே இல்ல. நல்லா தாங்கிக்கிட்டா." அதைப் பெருமையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

நான் கண்டி மாநகர சபையில் நாற்பது வருடம் எழுதுவினைஞராக வேலை பார்த்தவன். வெளிவாரியாகப் படித்துப் பட்டம் வாங்கியவன். கட்டுக்கலையில் என் வீட்டுக்கு மனுப் போட வருகிறவர்களும் பெயர்ப்பிழை திருத்த வருகிறவர்களும் என்னை 'படிச்ச மனுசன்' என்பார்கள். என் மனைவி காலமான பிறகு மகளும் மருமகனும் பேத்தியும் என்னோடுதான் இருந்தார்கள். நாடு பணமில்லாமல் குப்புற விழுந்த சமயத்தில் மருமகனின் ஹோட்டல் வேலை போயிற்று. சுற்றுலா வேன் ஓட்டக் கிடைத்த நாட்களில் ஓட்டினார். அப்போதுதான் மகள் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு சைப்ரஸ் போக முடிவு செய்தாள். அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. அவள் போயிருக்காவிட்டால் நாங்கள் தடுமாறியிருப்போம். நான் குறை சொல்வது போன விதத்தை.

அந்த விதம் எங்கள் வீட்டில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. கலஹாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ தாய்மார் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது போனார்கள், தூங்கும்போது போனார்கள். 'பிஸ்கட் வாங்கிட்டு வாறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பயணம் புறப்படும் வாசலில் கண்ணீர் விழுந்தால் போகிற காரியம் உருப்படாது என்று ஒரு பேச்சு. பிள்ளை அழும், ஆகவே பிள்ளை அங்கே இருக்கக் கூடாது. இவ்வளவுதான் தர்க்கம். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ராகு காலத்தில் சம்பளம் தந்தால் வாங்கமாட்டீர்களா என்று அலுவலகத்தில் எல்லோரையும் கேலி செய்தவன் நான். ஆனால் மகள் தயங்கியபோது, "வாசல்ல அழுதுகிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? சொல்லாம போயிரு. பொறகு நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னேன். நம்பாத சகுனத்தை, வசதியாக இருந்தபோது எடுத்துப் பயன்படுத்திக்கொண்டேன். நம்பிச் செய்தவர்களைவிட நான் கேடு.

முதல் இரண்டு மாதம் பிள்ளை அவ்வளவு ஒழுங்காக இருந்தாள். சொன்ன வேலையைச் செய்தாள். சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்தாள். பிறகு ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

"தாத்தா, உள்ளயா இருக்கீங்க?"

"இல்ல, நுவரெலியாவுல இருக்கேன்."

"வெளயாடாதீங்க. கதவத் தட்டுங்க."

"குளிக்கிற மனுசன் எதுக்குடி கதவத் தட்டணும்?"

"நான் வெளிய இருந்து தட்டுறேன். நீங்க உள்ள இருந்து தட்டுங்க. அவ்வளவுதான்."

தட்டினேன். சிரிப்புத் தாங்கவில்லை. காலையில் வாவியைச் சுற்றி என்னோடு நடக்கும் நண்பர்களிடம் இதை ஒரு பகிடியாகச் சொன்னேன். "ஒங்களுக்குப் பொலிஸ் காவல் போட்டிருக்கா போல. நீங்க என்னா களவு செஞ்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் கேட்டது சரியான கேள்வி என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். எனக்கே தெரியவில்லை.

பிறகு என் செருப்புகள் காணாமல் போகத் தொடங்கின. நான் பேப்பர் வாங்கப் புறப்பட்டால் ஒரு செருப்பு இருக்கும், மற்றது இருக்காது. கேட்டால் அவளே எடுத்துவந்து கொடுத்து, "எங்க போறீங்க, எப்ப வருவீங்க?" என்பாள். "வருவேன் போ" என்று சொல்வது என் பழக்கம். அப்படிச் சொன்னால் கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். பள்ளிக்கூட நாட்களில் விடிந்தால் வயிற்றுவலி. சீருடை போட்டபடி வாந்தி எடுத்தாள். சனி ஞாயிறில் ஒன்றும் இல்லை. ஞாயிறு மாலையானால் முகம் கறுத்துவிடும். ஆகவே நடிப்பு என்று எல்லோரும் தீர்மானித்தார்கள். வலி வேலைநாள் பார்த்து வந்தால் அது பொய் வலி என்பது நம்மவர்களின் வைத்தியம்.

பயத்தைவிட எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது அவளுடைய கோபம்தான். ஒருநாள் அவள் அப்பா வாடகை வேனோடு ஹயர் போய் இருட்டிய பிறகு வந்தார். அவருடைய ஃபோனில் சார்ஜ் இல்லை. அவர் உள்ளே கால் வைத்ததும் மேசையில் இருந்த சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிந்தாள். சோறு சுவரெல்லாம் பட்டது. மருமகன் கையை ஓங்கிக்கொண்டு போனார். அடி விழுவதற்கு முன்பே அவள் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவேயில்லை. தாய் வீடியோ கோலில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "படிக்கணும்" என்று எழுந்து போவாள். கோல் முடிந்து கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அம்மா திரும்ப எடுத்தாங்களா?" என்பாள். நான் இதற்குத் திமிர் என்று பெயர் வைத்தேன். பட்டம் வாங்கியவன் வைத்த பெயர் அது.

மற்றவர்கள் வைத்த பெயர்களும் குறைந்தவை அல்ல. மருமகனின் அக்கா நாவலப்பிட்டியிலிருந்து வந்து, காத்து கருப்பு பட்டிருக்கிறது என்று கையில் நூல் கட்டிவிட்டுப் போனார். ஒன்றுவிட்ட தம்பி ஒருவன், "வயசுக்கு வந்த புள்ள. பையன் விசயமா இருக்கும், ஃபோனப் பாருங்க" என்றான். பார்த்தோம். ஒன்றும் இருக்கவில்லை. பார்த்ததற்காக ஒருவரும் அவளிடம் வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், வகுப்பு முழுவதும் கேட்க, "இவ்வளவு ஒசரத்துக்கு வளந்த புள்ளக்கி அம்மா தேடுதாம்" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் போகவேயில்லை.

ஐந்து வயதுப் பிள்ளை அம்மாவுக்காக அழுதால் தூக்கிக்கொள்கிறோம், இனிப்பு வாங்கிக் கொடுக்கிறோம். பதினான்கு வயதுப் பிள்ளை அழுதால் அவளுடைய ஃபோனைச் சோதிக்கிறோம். எந்த வயதில் தாயைத் தேடுவது குற்றமாகிறது? யார் அந்தத் திகதியைக் குறித்தது? நான் எழுபதைத் தாண்டியவன். மனைவி போன பிறகு அவள் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க முடியாமல் ஆறு மாதம் முன்னறைக் கதிரையில் தூங்கினேன். என்னை யாரும் நடிக்கிறேன் என்று சொல்லவில்லை. 'பாவம்' என்றார்கள்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் இளம் பெண். சிங்களம் பேசுகிறவர். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடவா என்று கேட்டார். "தேவையில்லை, நான் இருக்கிறேன்" என்றேன். என் சிங்களத்தில் எனக்கு எப்போதும் ஒரு கர்வம். சபையில் கடிதங்களைத் திருத்துவதற்கு என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

டொக்டர் கேட்கக் கேட்க நான் தமிழில் சொன்னேன். பிள்ளை சொல்லச் சொல்ல சிங்களத்தில் சொன்னேன். ஆரம்பத்தில் நேர்மையாகத்தான் செய்தேன். பிறகு, "தாத்தா வெளியே போனால் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று டொக்டர் கேட்டார். பேத்தி, "போனா வரமாட்டாங்க" என்றாள். அது என் காதுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. "விபத்து ஏதாவது நடக்கும் என்று பயப்படுகிறாள்" என்று மாற்றிச் சொன்னேன். கொஞ்சம் நாகரிகமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அம்மா வெளிநாடு போகிறார் என்பதைப் பிள்ளையிடம் யார் சொன்னது? எப்போது சொன்னது? புறப்பட்ட அன்று பிள்ளை கூட இருந்தாளா?

இதை நான் தமிழில் சொல்லவில்லை. பிள்ளையின் பக்கம் திரும்பவும் இல்லை. நானே சிங்களத்தில் பதில் சொன்னேன்: "ஒரு வாரத்துக்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து சொன்னோம். எயார்போர்ட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனோம். நன்றாகத்தான் வழியனுப்பினாள்."

டொக்டர் எழுதிக்கொண்டார். பேத்தி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் ஏதோ பயிற்சிகள் சொல்லித் தந்தார், மூச்சு விடுவதற்கும் தூங்குவதற்கும். இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். பிழையான கதையைக் கேட்டவர் வேறு எதைச் சொல்ல முடியும்?

பஸ் ஹோல்டில் நின்றோம். கூட்டம். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தாத்தா, எனக்கு சிங்களம் தெரியும்."

"எவ்வளவு தெரியும்?" என்று கேட்டேன். கேட்கக் கூடிய கேள்விகளிலேயே கேவலமானது அதுதான். மாட்டிக்கொண்டவன் முதலில் எவ்வளவு மாட்டிக்கொண்டோம் என்றுதான் பார்க்கிறான்.

"பக்கத்து வீட்டு அக்காவோட நாலு வயசுலேருந்து வெளயாடுறேன். ஒங்க சிங்களத்தவிட நல்லா தெரியும். நீங்க ஒப்பீஸ் சிங்களம் பேசுறீங்க." பிறகு, "அவங்க கேட்டதும் வெளங்கிச்சு. நீங்க சொன்னதும் வெளங்கிச்சு" என்றாள்.

"வீட்டுக் கதையெல்லாம் வெளி ஆளுங்ககிட்ட சொல்ல முடியுமாம்மா?"

"அப்ப எதுக்கு என்னய கூட்டிட்டு வந்தீங்க?"

அந்தப் பிள்ளை என்னை விட்டு ஒரு நிமிடம் பிரியப் பயந்தவள். என் செருப்பை ஒளித்துவைத்தவள். பஸ் வந்தபோது என் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய் நின்றாள். அதற்குப் பிறகு குளியலறைக் கதவை யாரும் தட்டவில்லை. நான் வெளியே போனால் எங்கே என்று கேட்கவில்லை. 'குணமாகிவிட்டாள்' என்றார் மருமகன். இல்லை. நான் சொல்லும் பதில் எதற்கும் இனிப் பெறுமதி இல்லை என்று முடிவு செய்துவிட்டாள். வயிற்றுவலி கூடியது. இரவில் பற்களைக் கடிக்கும் சத்தம் என் அறைவரைக்கும் கேட்டது.

இரண்டாம் தடவை கிளினிக்கில் நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் டொக்டரிடம் நேராக சிங்களத்தில், தாத்தா வெளியே இருக்கட்டும் என்று சொன்னாள். டொக்டரும் என்னை வெளியே இருக்கச் சொன்னார். நான் வாங்கில் உட்கார்ந்து கொதித்தேன். என்னையா? அவளைத் தோளில் போட்டு வளர்த்தவனையா? நான் இல்லாமல் அவளுக்கு என்ன சொல்லத் தெரியும்? வாங்கில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் என்னைப் பார்க்கும் அளவுக்கு முணுமுணுத்தேன். கோபம் தணியத் தணியத்தான், உள்ளே அவள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்பது உறைத்தது. அது நடந்த கதை. அதை நான் இல்லாத இடத்தில்தான் அவளால் சொல்ல முடியும்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்பதைச் சரியாகச் சொல்லச் சொன்னார். சொன்னபடி வரச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு அரை நாளாவது அனுப்பச் சொன்னார். வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பயம் கூடும் என்றார். "சின்ன உண்மைகளிலிருந்து தொடங்குங்கள், அங்கிள்" என்றார். நான் தலையாட்டினேன். அப்போதும், 'டொக்டர், போன தடவை நான் பொய் சொன்னேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சின்ன உண்மைகளிலிருந்து தொடங்கினேன். பேப்பர் வாங்கப் போகிறேன், பத்து நிமிடத்தில் வருவேன். வந்தேன். மார்க்கட்டுக்குப் போகிறேன், மழை வந்தால் பிந்தும். பிந்தியபோது கோல் எடுத்தேன். அவள் "ம்" என்பாள். சில வாரங்களில் அரை நாள் பள்ளிக்கூடம் போனாள். அந்த நிலையில்தான் மகள் ஒரு மாத லீவில் வந்தாள்.

வந்த நாளிலிருந்து பேத்தி தாயின் நிழல். உடுப்புக் காயப்போடும் கொடிவரைக்கும் பின்னால் போவாள். தாய் பேக்கரியில் பாண் வாங்கப் போகிறேன் என்றால் சண்டை. "அப்பா வாங்கட்டும். தாத்தா வாங்கட்டும். நீங்க ஏன் போகணும்?" என்று கத்துவாள். திரும்பிப் போகும் திகதி வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர. அவள் கேட்டபோதெல்லாம், 'இன்னும் நாள் இருக்கு' என்றார்கள்.

ஒரு காலையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது மருமகன் பேச்சை எடுத்தார். மகள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, போன தடவ மாதிரியே செஞ்சிருவம். புதன்கெழம அக்கா வந்து நாவலப்பிட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க, கோயில் திருவிழான்னு சொல்லி. வியாழக்கெழம இவ போயிருவா. வெள்ளிக்கெழம புள்ளய கொண்டாந்து விடட்டும்."

"போன தடவ செஞ்சது காணாதா?" என்றேன்.

"அப்பிடி என்னா செஞ்சிட்டம்? இப்ப சரியாத்தானே வருது?"

மகளைப் பார்த்தேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தாமல், "அப்பா, அவ அழுதா எனக்குப் போக ஏலாது" என்றாள்.

"அப்ப யாருக்காகம்மா இந்தப் பொய்? அவளுக்கா, ஒனக்கா?"

"எனக்குத்தான்! எனக்குத்தான்னு வச்சுக்குங்களேன்!" தேங்காய்ப் பாதியைக் கீழே போட்டாள். "அங்க ஒரு கெழவிக்கு முதுகு தேய்ச்சுக்கிட்டு ஏம்புள்ள மொகத்த நெனைக்கிறவ நான். அந்த மொகம் அழுவுற மொகமா இருக்கக்கூடாதுன்னு நெனைக்கிறது தப்பா? அதோட, போன தடவ நீங்கதானேப்பா சொன்னீங்க, சொல்லாம போன்னு?"

அவளிடம் கோபப்படும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கோபப்பட்டேன். அவளிடம், மருமகனிடம், திருவிழா என்று பொய் சொல்லிக் கூட்டிப்போக இருந்த நாவலப்பிட்டி அக்காவிடம், எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பாடத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்த என்னிடம். பிள்ளைக்காகத்தான், பிள்ளைக்காகத்தான் என்று நாம் சொல்கிறோமே, அதில் பாதி பிள்ளையின் கண்ணீரைப் பார்க்கும் துணிவு நமக்கு இல்லை என்பதுதான். நமக்கு வலிக்கக் கூடாது என்பதற்காக அவளைத் தனியே வலிக்க விடுகிறோம். அதற்குப் பாசம் என்று பெயர்.

அன்று காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேசையில் இருந்தோம். பேத்தி பாணில் சம்பலை வைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன்.

"அம்மா வியாழக்கெழம போறா."

"மாமா!" என்று மருமகன் எழுந்துவிட்டார். மகள் கையால் வாயை மூடிக்கொண்டாள். அவளே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அவளைப் பேசவைத்து, அவளுக்கு நேரம் கொடுத்து, அவள் வாயால் வரச் செய்திருக்க வேண்டும். அதைக்கூட நான் என் பாட்டுக்குச் செய்தேன். இதுவும் என் பிழைதான். ஆனால் இந்தப் பிழையைத் திரும்பவும் செய்வேன்.

பேத்தி பாணைக் கோப்பையில் வைத்தாள். "எத்தன மணிக்கு?"

"வேன் காலையில வரும்" என்றாள் மகள், அழுதுகொண்டே.

"நான் எங்க இருப்பேன் அப்ப? என்னய எங்க அனுப்புறதா இருந்தீங்க?"

அவள் எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு வெடித்தாள். நான் அவளை ஒருநாளும் அப்படிக் கண்டதில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். பொய்க்காரங்க என்றாள். தாயிடம், "நீங்க போறதுக்கு நான் அழுதிருப்பேன். அழுதுட்டு அனுப்பியிருப்பேன். என்னய என்னா, நாய்க்குட்டின்னு நெனச்சீங்களா, கட்டிப்போட்டுட்டுப் போறதுக்கு?" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கி மத்தியானத்துலேருந்து கேட்டுல நின்னேன். கடையிலேருந்து அம்மா வருவாங்கன்னு. நீங்க உள்ள கதிரையில இருந்து பாத்துக்கிட்டே இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லல. பாத்துக்கிட்டே இருந்தீங்க!"

ஆமாம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தடவை, வெயில் படுகிறதே, உள்ளே வா என்றுகூடச் சொன்னேன்.

"ஆமா, பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். "அன்னைக்கி நான் செஞ்சது பெரிய அநியாயம். டொக்டர்கிட்ட சொன்னதும் பொய்."

அவள் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். இரண்டு நாள் தாயோடும் பேசவில்லை. மருமகன் என்னோடு பேசவில்லை. "கடைசி நாளெல்லாம் நாசமாக்கிட்டீங்க" என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் மகள் பெட்டியை முன்னறையில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் திறந்துவைத்தாள். பேத்தி வந்து, தாய் வைத்த உடுப்புகளை எடுத்துத் திரும்ப மடித்து வைத்தாள். அவளுடைய மடிப்பு தாயுடையதைவிட மோசம். மகள் அதை அப்படியே வைத்துப் பெட்டியை மூடினாள்.

வியாழக்கிழமை வாசலில் பேத்தி அழுதாள். சும்மா கண்ணீர் இல்லை. அயலெல்லாம் எட்டிப் பார்க்கும் அழுகை. நாவலப்பிட்டி அக்காவும் வந்திருந்தார். "வாசல்ல அழுவாத புள்ள, போறவங்களுக்கு ஆகாது" என்று அவளுடைய வாயைப் பொத்தப் போனார்.

"கையை எடுங்க! அழட்டும்!" என்று கத்தினேன். வயதுக்குத் தகாத சத்தம். அவர் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டாம்.

வேனில் கடுகண்ணாவை மலைப்பாதை வளைவுகளில் பேத்தி வாந்தி எடுத்தாள். தாய் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். கட்டுநாயக்கவில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "அடுத்த தடவ எப்ப?" என்று பேத்தி கேட்டாள். மகள் வாயைத் திறந்தாள். சீக்கிரம் வருவேன் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தெரியாதும்மா. ஒரு வருசத்துக்கு மேலயும் ஆகலாம்."

"சரி" என்றாள் பேத்தி. "தெரியாதுன்னே சொல்லுங்க."

தாய் உள்ளே போய் மறையும்வரை கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு தானாகவே வேனுக்கு நடந்தாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய். திங்கட்கிழமை வயிற்றுவலி வந்தது. இடைவேளைக்குப் பிறகுதான் போனாள். தாயின் கோலை இப்போது எடுக்கிறாள். சில நாள் பேசுகிறாள், சில நாள் சண்டை பிடிக்கிறாள். ஆனால் எழுந்து போவதில்லை. 'அழ வச்சு அனுப்பின கெழவன்' என்று சொந்தத்தில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். அழாமல் நின்ற பிள்ளையை நல்ல பிள்ளை என்று என்னோடு சேர்ந்து மெச்சியவர்கள்தான் அவர்களும்.

என்மேல் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. போன வாரம் நான் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் திடீரென்று கேட்டாள்:

"நீங்க செத்துப் போறதா இருந்தாலும் முன்னாடியே சொல்லிருவீங்களா?"

"அது எனக்கே தெரியாதேம்மா."

யோசித்தாள். "அப்ப தெரிஞ்சதயாவது சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை காலையில் நான் இருதய கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்குள்ள டொக்டர் இருதயத்தைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மருமகனிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. அதை அவளிடம் சொன்னேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டாள். அங்கே கூட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், பிந்தினால் கோல் எடுக்கிறேன் என்றேன். ஃபோனைச் சார்ஜில் போடச் சொல்லிவிட்டுப் படிக்கப் போனாள்.